மயிலாத்தாளின் பின்வண்டி

கல்லோடைப்பாளையத்தில் நடந்த இந்தக் கதையை நம்பாதவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே எதை விசாரிப்பதானாலும் தொண்டை கிழியக் கத்தித்தான் விசாரிக்கவேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, கோயிலுக்குப் பின்புறம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்று எங்கே திரும்பினாலும் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் டக்கடி டக்கடி என்று அது அடிக்கிற அடியில் சுவரில் மாட்டிய சாமி படங்கள்கூட ஒருபக்கமாகச் சாய்ந்தேதான் இருக்கும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். கரண்டு போய்த் தறி நின்றுவிட்டால் தொட்டிலில் கிடக்கிற குழந்தைகளெல்லாம் ஒரே சமயத்தில் வீல் என்று கத்தும், பெரியவர்களும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அய்யாவு அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே தறி ஓட்டுகிறவன். கந்தப்பன் முதலாளியின் பட்டறையில் ராத்திரி ஷிப்ட். ராத்திரி எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டு மணிக்குத்தான் இறக்கம். அதுவரைக்கும் உட்காராமல், ஆறு தறிக்கு நடுவில் போவதும் வருவதுமாக, அறுந்த நூலை முடிந்துகொண்டும் தீர்ந்த தாரை மாற்றிக்கொண்டும் நிற்பான். தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டை, அதில் நூல் சுற்றித் தருவது அவன் மனைவி மயிலாத்தா. வீட்டில் உட்கார்ந்து சுற்றி, பெட்டியில் அடுக்கி, காலையில் சைக்கிளில் வைத்து எடுத்துவந்து பட்டறையில் இறக்கிவிட்டு, அதே சைக்கிளில் புருசனை ஏற்றிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்குப் போவாள்.

மயிலாத்தா தெற்கே கரட்டுக்காட்டில் ஆடு மேய்த்த குடும்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அந்தக் காட்டில் ராத்திரியில் சத்தம் என்று ஒன்று வந்தால் அது ஆடு தும்முகிற சத்தமாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த முதல் ராத்திரி, பக்கத்துவீட்டுத் தறி எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டாள். அது நிற்கவே நிற்காது என்று அய்யாவு பெருமையாகச் சொன்னான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை, அவனும் அதைப் பற்றி நினைக்கவில்லை. ராத்திரி முழுக்க அவன் பட்டறையில் இருந்தான், பகல் முழுக்க அவன் தூங்கினான், அவன் இல்லாத நேரத்தில் அவள் தூங்கிக்கொள்வாள் என்று வைத்துக்கொண்டான்.

முன்பெல்லாம் அவனே சைக்கிள் மிதித்துத்தான் வீட்டுக்குப் போவான். மிதித்துக்கொண்டே தூங்கி வாய்க்காலில் விழுந்த பிறகுதான் கேரியரில் ஏறினான். கேரியரிலும் தூங்கினான், திருப்பத்தில் சரிந்தான், பழைய சேலையால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் மிதித்தபோது இரண்டு பேருமாகச் சேர்ந்து சரிந்தார்கள். அன்றைக்கு முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே மயிலாத்தா சொன்னாள்:

"இது சரிப்படாதுங் மாமா. பின்னால ஒரு வண்டி கட்டிரலாமுங்."

"வண்டி கட்டறதுக்கு நீ என்ன ஆசாரியா?"

"ஆட்டுக்குப் பட்டி கட்டியிருக்கறன். ஆளுக்கு வண்டி கட்ட முடியாதா?"

கால் வளைந்து மூலையில் கிடந்த இரும்புக் கட்டிலைப் பாதியாக அறுத்தாள். சைக்கிள் கடைப் பாஷாவிடம் இரண்டு பழைய சக்கரம் வாங்கினாள். உடைத்துப்போட்ட தறியின் பலகைகளைப் பட்டறையில் கேட்டு வாங்கி, உட்காரவும் சாயவும் தோதாக அடித்தாள். ஒரு சக்கரத்தில் கோட்டம் இருந்தது, சுற்றும்போது ஒருபக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனது. "கோட்டம் எடுத்துத் தர்றன் தங்கச்சி, சாயங்காலம் வரைக்கும் பொறு," என்று பாஷா சொல்லிப் பார்த்தார். அவளுக்குப் பொறுக்கிற தெம்பில்லை, உருண்டால் போதும் என்று எடுத்துவந்துவிட்டாள்.

வண்டியைச் சைக்கிளோடு சேர்ப்பதற்குள்தான் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் கயிறு கட்டினாள். பாலத்து இறக்கத்தில் வண்டி முந்திக்கொண்டு வந்து பின்சக்கரத்தில் இடித்தது. பிறகு சீட்டுக்கு அடியில் இரும்புக் குழாயை வைத்து நட்டுப் போட்டு இறுக்கினாள். முதல் திருப்பத்திலேயே வண்டி கவிழ்ந்து, அய்யாவுக்குப் பதிலாக ஏற்றியிருந்த மணல்மூட்டை சாக்கடையில் கிடந்தது. கடைசியில் லாரி டயரில் ஒரு துண்டை அறுத்து, இரண்டாக மடித்து, குழாய்க்கும் சைக்கிளுக்கும் நடுவில் வைத்து முடுக்கினாள். ரப்பர் எந்தப் பக்கம் திருப்பினாலும் வளைந்து கொடுத்தது. அய்யாவு வந்து பார்த்து, பாடை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தான், அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் அதில் ஏறிச் சாய்ந்தான். மயிலாத்தா மிதித்தாள். கோட்டச் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையில் உரசி டக்கடி டக்கடி என்று தட்டியது. அய்யாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் விழித்தபோது வீட்டு வாசல். எப்போதும் போலக் கால்மணி நேரத்தில் வந்து சேர்ந்திருந்தார்கள், ஆனால் அவன் ஒரு முழு ராத்திரி தூங்கி எழுந்திருந்தான். விடிகாலைப் பசி எடுத்தது, மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது, இரண்டு கனவு ஞாபகத்தில் இருந்தது, கால் வீக்கம் வடிந்திருந்தது, புறப்படும் முன் பட்டறைக் குழாயடியில் மழித்த கன்னத்தில் ஒரு ராத்திரிக்கு உண்டான தாடி முளைத்திருந்தது.

"என்னுங் மாமா, எறங்கலீங்களா?"

"விடிஞ்சிருச்சா?"

"அப்பவே விடிஞ்சுதான கெடக்குது," என்று சொல்லிவிட்டு அவள் காலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், ஆச்சரியப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. பக்கத்துத் தறி பாக்கியம் மட்டும் அய்யாவின் முகத்தை இரண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "மொகத்துக்கு என்னண்ணா பூசறீங்க?" என்று கத்திக் கேட்டாள். அவன் விஷயத்தைச் சொன்னான். மறுநாள் அவளும் ஏறினாள், புருசன் செத்த நாளிலிருந்து கண்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள், அப்புறம் அவள் தங்கச்சி ஏறினாள், தங்கச்சி புருசன் ஏறினான், தறிக்குப் பாவு நூல் சுமக்கிறவர்கள் ஏறினார்கள், சாயப்பட்டறைக்காரர்கள் ஏறினார்கள், பல் முளைக்கிற குழந்தையை ஏற்றினார்கள், நாளைக்குத் தாலி ஏறப்போகிற பெண்ணை முகம் தெளியவேண்டுமென்று ஏற்றினார்கள், செத்த மனைவியைக் கனவில் பார்க்கவேண்டுமென்று வந்த ஒருவரை ஏற்றினார்கள், அவர் இறங்கி, கனவில் வந்தாள், ஆனால் பேசவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். வரிசையில் இடம் பிடிக்கச் செருப்பை விட்டுப்போகலாமா கூடாதா என்று ஒரு தகராறு வந்து, கூடாது என்று தீர்ந்தது. குறட்டை விடுகிறவர் தனியாகத்தான் ஏறவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. சவரக்கடைக்காரர் பந்தலை வண்டி நிற்கிற இடத்துக்கே மாற்றிக்கொண்டார். ஆயுத பூசைக்கு வண்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். சூடம் காட்டி முடித்ததும் மயிலாத்தா மாலையைக் கழற்றிவிட்டு மிதிக்கப் போனாள்.

அவளுக்குச் சிரமமாக இருக்குமே என்று யாரும் நினைக்கவில்லை என்று சொன்னால் பாவம். நினைத்தார்கள். பாஷா அதேமாதிரி கோட்டச் சக்கரம் போட்டு மூன்று வண்டி செய்து கொடுத்தார், கந்தப்பன் முதலாளி தன் செலவில் மிதிக்க ஆள் வைத்தார். ஆனால் மிதிக்க வந்தவர்கள் எல்லாரும் அந்த ஊரில் பிறந்தவர்கள். சக்கரம் தட்டத் தொடங்கியதும் ஏறினவர்களோடு சேர்ந்து மிதிப்பவனும் தூங்கினான். ஒரு வண்டி வாய்க்காலுக்குள் போனது, ஒன்று கோயில் மதிலில் போய் நின்றது, ஒன்று கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து பந்திக்கு நடுவில் போய்க் கவிழ்ந்தது. அந்தச் சத்தத்துக்குக் கண் மூடாத ஆள் ஊரிலேயே மயிலாத்தா ஒருத்திதான். அது அவளுக்குக் கிடைத்த வரம் என்று எல்லாரும் சொன்னார்கள், அய்யாவும் சொன்னான்.

இப்படித்தான் இரட்டை ஷிப்ட் வந்தது. முதலாளி அதைக் கேட்கக்கூட இல்லை. கால்மணி நேரத்தில் தூக்கம் முடிந்துவிட்டால் மீதி நேரத்துக்கு வீட்டில் என்ன செய்வது என்று தறி ஓட்டுகிறவர்களே பேசிக்கொண்டார்கள், பேசியதை முதலாளியிடம் போய்ச் சொன்னார்கள். "நான் ஆரையும் வற்புறுத்தலையப்பா," என்று அவர் சொன்னார், அது உண்மைதான். ஆளுக்கொரு முறை வைத்துத் தறியைவிட்டு இறங்கி, வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி, கால்மணி நேரத்தில் மறுபடியும் தறிக்கு வந்தார்கள். அய்யாவுக்குக் காலை எட்டு மணியும் ராத்திரி எட்டு மணியும் முறை. ஊர் செழித்தது. செழித்த பணத்தில் முதலாளிகள் ஆளுக்கொரு பெரிய ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள், அதற்குப் பிறகு கரண்டு போனாலும் தறி நிற்கவில்லை.

அய்யாவு நன்றாகத் தூங்கினான். நாளைக்கு இரண்டு ராத்திரி தூங்கினான், இரண்டு மடங்கு நகம் வெட்டினான், தலை முந்திக்கொண்டு நரைத்தது. ஆனால் தூக்கம் தீர்ந்ததே தவிர அலுப்புத் தீரவில்லை. தூங்கி எழுந்தபின் மனிதனுக்குச் சும்மா இருப்பது என்று ஒன்று வேண்டியிருக்கிறது, வெயிலில் நின்று பல் குச்சியை மெல்லுவது, மனைவி எதையோ தேடும்போது எதைத் தேடுகிறாள் என்று கேட்பது, அதெல்லாம் அந்த வண்டியில் கிடைக்கவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. அவள் வண்டியிலேயே குடியிருந்தாள், அவன் தறியில் குடியிருந்தான். ஏறும்போது அவள் முதுகைப் பார்ப்பான், இறங்கும்போதும் முதுகைப் பார்ப்பான். அந்த முதுகில் எலும்பு தெரிய ஆரம்பித்ததை அவன் பார்த்தான், வெயில் காலம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் ராத்திரி அவன் ஏறப் போனபோது அவள் திரும்பினாள். கண் குழிந்து, உதடு வெடித்து, அடையாளம் தெரியாமல் இருந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு தூக்கம் வேணுமுங்."

"ஊருக்கே தூக்கம் குடுக்கறவ நீ. உனக்கு ஆரு குடுக்கறது?" என்று அவன் சிரித்தான்.

"தறி நின்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும். வந்த நாள்ல இருந்து கரண்டு போறப்பத்தான் தூங்கிட்டிருந்தன். இப்ப அதும் போறதில்ல."

அய்யாவுக்குச் சிரிப்பு நின்றது. இத்தனை வருசமாகவா என்று கேட்க வாயெடுத்தான், பின்னால் வரிசை நின்றிருந்தது, எட்டேகாலுக்குத் தறிக்குப் போகவேண்டும். ஏறிச் சாய்ந்தான். சக்கரம் தட்டியது, கேள்வி போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: "ஒரே ஒரு ராத்திரி அத்தன தறியும் நிக்கோணும். நான் தூங்கோணும்."

தறி ஓட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கோபம் யாருக்கும் வரவில்லை, வருத்தப்பட்டார்கள். "சத்தமில்லாம எப்படிக் கண்ணு தூங்குவே?" என்று வயசான ஒருவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். கொழந்தைங்க அழுவுமே என்றாள் ஒருத்தி. ஒரு ராத்திரி நின்னா ஆர்டர் கைய விட்டுப் போயிருமே அம்மிணி என்றார் முதலாளி. அப்போது பாக்கியம், "அக்கா வீடு வாக்காலுக்கு அக்கட்டால இருக்குது, அங்க சத்தம் பத்தலையோ என்னமோ," என்று சொன்னாள். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஆளுக்கொரு கை பிடித்து, பட்டறைக்கு நட்டநடுவில், நாலு பக்கத்துச் சத்தமும் சமமாக வந்து விழுகிற இடமாகப் பார்த்து, கழிவுப் பஞ்சு திணித்த மெத்தை விரித்து, புதுத் துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, அவளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டார்கள். அவ்வளவு அன்பாக அவளை அந்த ஊரில் யாரும் நடத்தியதில்லை.

தாரை மாற்றப் போகும்போதும் வரும்போதும் அய்யாவு பார்த்தான். அவள் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மெத்தை தரையோடு சேர்ந்து அதிர்ந்தது, அவள் தாடையும் அதிர்ந்தது. ஒருமுறை அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். இரைச்சலில் காதில் விழவில்லை. குனிந்து கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து மூன்றாம் தறியில் நூல் அறுந்தது, அவன் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவள் எப்போதும் போல வாசலில் நின்றாள். முதல் ஆளாக அய்யாவை மட்டும் ஏறச் சொன்னாள். அவன் சாய்ந்தான், தூங்கினான். கோயில் முக்கில் திரும்பவேண்டிய வண்டி அன்றைக்குத் திரும்பவில்லை. பாலத்தைத் தாண்டியது, பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டைத் தாண்டியது, செங்கல் சூளையைத் தாண்டியது, அடுத்த ஊருக்குள் போய் அங்கேயும் தறி ஓடியதால் அந்த ஊரையும் தாண்டியது, அதற்கடுத்த ஊரிலும் ஓடியது. எந்த ஊருக்குப் போவது என்று அவள் முடிவு செய்திருக்கவில்லை. பல்லுக்குள் கேட்கிற அதிர்வு எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும் என்றுதான் மிதித்தாள், வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்கிறவரைக்கும் மிதித்தாள்.

வண்டி நின்றதும் அய்யாவு விழித்தான். சாயங்கால வெளிச்சம். மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்தவனுக்கு இருக்கிற தாடி அவனுக்கு இருந்தது, நகம் வளைந்திருந்தது, பசி குடலைப் பிடுங்கியது. சுற்றிலும் அறுத்து முடித்த கொள்ளுக்காடு, வேலியில் நாலு கிளுவை, வேறொன்றுமில்லை. அவனுக்குக் காது அடைத்துப் போனமாதிரி இருந்தது, விரலை விட்டுக் குடைந்தான், அதற்கப்புறம்தான் அங்கே சத்தமே இல்லை என்பது புரிந்தது. பயமாக இருந்தது. "மயிலா," என்று கத்த நினைத்துச் சைக்கிளைப் பார்த்தான். சீட்டில் முதுகு இல்லை.

அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை இன்னும் கைப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகும்போது ஒரு மெல்லிய விசில் சத்தம் வந்தது. அய்யாவு மண்ணில் உட்கார்ந்தான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் தன் மனைவி தூங்கி அவன் பார்த்ததே இல்லை. தூங்கும்போது அவள் விசில் அடிப்பாள் என்பது அவனுக்குத் தெரியாது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டேதான் தூங்குவாள் என்பதும், அந்தச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும் என்பதும் தெரியாது. நேற்று பட்டறையில் அவள் என்ன சொன்னாளோ, குனிந்து கேட்காமல் போனோமே என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் அழுவதற்கு அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். அவனுக்குத் தூக்கம் வருகிற பேச்சே இல்லை, நாற்பது ராத்திரி தூங்கியாகிவிட்டது. விடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெயில் வந்த பிறகு ஊர் வந்தது. வண்டியைக் காணாமல், தூக்கம் இல்லாமல், மண்ணில் பதிந்த கோணல் தடத்தைப் பார்த்துக்கொண்டே பாக்கியமும் மற்றவர்களும் நடந்தே வந்தார்கள், முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்தார். தார் மாற்ற ஆளில்லாமல் ஊரில் தறி ஒவ்வொன்றாக நின்றுபோய்க்கொண்டிருந்தது. தூரத்தில் அவர்களைப் பார்த்ததுமே அய்யாவு எழுந்து ஓடி, இரண்டு கையையும் விரித்து மறித்து, மோட்டாரை அணைக்கச் சொல்லி ஜாடை காட்டினான். பிறந்ததிலிருந்து கத்தியே பேசியவர்கள், மெல்லப் பேச ஒருவருக்கும் தெரியாது. அதனால் யாரும் பேசவில்லை. வந்தார்கள், கிடந்தவளைப் பார்த்தார்கள், பாக்கியம் மட்டும் அவள் காலடியில் போய் உட்கார்ந்து, வெடித்த பாதத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொருவராகக் காட்டில் உட்கார்ந்தார்கள்.

முதலாளிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அய்யாவிடம் வந்து எழுப்பு என்று கையைக் காட்டினார். அய்யாவு மாட்டேன் என்று தலையசைத்தான். அவர் அவளைப் பார்த்துத் திரும்பி, மூச்சை இழுத்து, "அம்மி..." என்று வாயைத் திறந்தார். அய்யாவு தன் கையால் அந்த வாயைப் பொத்தினான். அவர் சோறு போட்ட முதலாளி, அவர் எதிரில் அவன் வேட்டியை மடித்துக் கட்டியதுகூட இல்லை. பொத்திய கையை எடுக்காமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் முதலாளியும் போய் மற்றவர்களோடு மண்ணில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறி மயிலாத்தாளின் முகத்தில் விழுந்தது. அய்யாவு அவளுக்கும் வெயிலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தான். வெயில் நகர்ந்தபோது அவனும் நகர்ந்து உட்கார்ந்தான். பொழுது சாய்ந்து, நிழல் வேண்டாத நேரம் வந்த பிறகும், அவள் மூச்சின் மெல்லிய விசிலைக் கேட்டுக்கொண்டு, அவன் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.